குருத்துப் பச்சை அறைகள்

அறை கேட்டு வரும் பெண்களின் முகத்தை ஆன்ட்டி பார்க்க மாட்டார். பின்னந்தலையைத்தான் பார்ப்பார். நான் முதன்முதலாக அந்த வீட்டுப் படியேறிப் போனபோது என் பெயரையோ வேலையையோ கேட்பதற்கு முன்னால், "கொஞ்சம் திரும்பும்மா" என்றார். திரும்பினேன். என் பின்னலைத் தூக்கிப் பிடித்து, கழுத்துக்கு மேலே விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எண்ணெய் வைப்பியா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் ஆன்ட்டி."

"வச்சுக்கோ, தப்பில்ல. ஆனா செவுத்துல சாயக் கூடாது. இப்ப உள்ள பிள்ளைங்க எல்லாம் கட்டில்ல சாஞ்சுகிட்டு போன் பாக்குதுங்கலா. தலை பட்ட இடம் வட்டமா கறுத்துப் போகுது. அப்புறம் நான்தான் அழணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல பல்வரிசை. அறுபதைத் தொட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அன்றைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

பினாங்குத் தீவில் சுங்கை பினாங் பக்கம் ஒரு ஜாலானின், குறுகிய தெருவின், கடைசியில் இருந்த மாடி வீடு அது. கீழே கூடம், சமையலறை, ஆன்ட்டியின் அறை. மேலே நான்கு அறைகள். மூன்றில் என்னைப்போல் வேலைக்குப் போகும் பெண்கள். கடைசியில் இருந்த சிறிய அறையில் ஆன்ட்டியின் சொந்த அக்கா. என் அப்பா அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருந்தார்கள். எனக்கு வேலை ஜார்ஜ் டவுனில் ஒரு பல் மருத்துவரிடம். தினமும் பாலத்து நெரிசலில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான் அறை தேடினேன்.

நான்கு அறைகளுக்கும் ஒரே சாயம். மஞ்சளையும் பச்சையையும் கலந்து, அதில் பாதிக்கு மேல் பாலை ஊற்றியதுபோல் வெளிறிய நிறம். வாழையில் இலை விரிவதற்கு முன்னால் சுருளாக நிற்குமே, அந்த நிறம். ஆன்ட்டியும் அதைக் குருத்துப் பச்சை என்றுதான் சொல்வார். சாயக்கடைச் சீனருக்கு அது வெறும் எண். ஆன்ட்டியின் குடை கடை வாசலில் தெரிந்தாலே அவர் எண்ணைத் தட்டிக் கலக்க ஆரம்பித்துவிடுவாராம். வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளை விரிப்பு, மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி, ஜன்னலில் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு கொடி. காலை வெயில் விழும்போது அறை அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. இலைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் கண்ணுக்குக் குளிர்ச்சி. விளக்கைப் போட்டால் வேறு கதை. எல்லோர் முகமும் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். பக்கத்து அறை ஸ்டெல்லா அதை வாந்தி கலர் என்பாள்.

சுவரில் எதுவும் இருக்கக் கூடாது. நாட்காட்டி கிடையாது. கடிகாரம் மேசைமேல் நிற்கும். சாமி படங்கள்கூட அலமாரிக்குள்ளேதான். முகம் கழுவப் போகும்போது பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கம் நம் பெண்கள் பலருக்கும் உண்டு. நான் ஒருமுறை அப்படி ஒட்டிவிட்டு மறந்து வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது அந்தப் பொட்டு என் தலையணைமேல் ஒரு வெள்ளைத் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. ஆன்ட்டி வழக்கம்போல் சாப்பிடக் கூப்பிட்டார். இடியாப்பத்துக்குக் கூடுதலாகத் தேங்காய்ப்பால் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய வேலை தொடங்கும். பழைய கைலி, தலையில் பிளாஸ்டிக் உறை, கையில் சிறு வாளியும் உருளைத் தூரிகையும். கதவைத் தட்டுவார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். உள்ளே வந்து முகத்தைச் சுவருக்கு மிக அருகில் கொண்டுபோய், வெளிச்சம் சாய்ந்து விழும்படி தலையைச் சரித்துப் பார்ப்பார். நாற்காலி முதுகு உரசிய கோடு, பையை மாட்டிய தடம், கொசுவை அடித்த ரத்தப் புள்ளி, ஒன்றும் தப்பாது. அதன்மேல் தூரிகையை ஓட்டுவார். அப்போது அவர் முகம் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் முகம்போல் கனிந்துவிடும். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடும்.

"ஆளு போனா அறையும் மறக்கணும்லா" என்பார். அவருடைய வேதம் அது. அறை பார்க்க வரும் புதியவர்களிடம், "எத்தனையோ பிள்ளைங்க இருந்துட்டுப் போன ரூம்பு. ஒருத்தி இருந்த அடையாளம் தெரியுதா பாரு" என்று பெருமையாகக் காட்டுவார். வருகிறவர்களும் வாயைப் பிளப்பார்கள்.

எனக்கு டெங்கி வந்தபோது என்னை விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டவரும் அவர்தான். செபராங் ஜெயாவிலிருந்து அம்மா வருகிறேன் என்று சொன்னதற்கு, "உங்க மகளுக்கு நான் இருக்கேன், நீங்க எதுக்கு அலையுறீங்க" என்று போனில் அடித்துச் சொன்னார். பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து மூக்கைப் பிடித்து ஊற்றினார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். கஞ்சி கொடுத்தார். காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாளில் நான் நிமிர்ந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டேன். வேர்வை ஈரம் முதுகளவுக்குச் சுவரில் படிந்துவிட்டது.

மறுநாள் காலை, கட்டில் நகர்வதுபோல் இருந்தது. மயக்கம் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் ஆன்ட்டி கட்டிலின் காலைப் பிடித்து என்னையும் சேர்த்து அறையின் நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"நீ படும்மா, படு. உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

தூரிகை சுவரில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அறை முழுக்கச் சாய நெடி. நான் வாந்தியெடுத்தேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். ஓடி வந்து என் தலையைத் தாங்கிப் பிடித்தார். வாயைத் துடைத்துவிட்டார். முதுகை நீவினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கைகள் இரண்டு வேலையையும் ஒரே அக்கறையோடு செய்தன. அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு பயம் வந்தது.

ஸ்டெல்லா புக்கிட் மெர்தாஜாம்காரி. தாதியாக வேலை பார்த்தாள். கத்தோலிக்கப் பெண். படுக்கைக்கு மேலே சின்ன ஆணி ஒன்றை அடித்து மரச்சிலுவை மாட்டினாள். வேலை முடிந்து வந்தபோது சிலுவை மெல்லிய தாளில் சுற்றித் தலையணைமேல் இருந்தது. ஆணி இருந்த ஓட்டை அடைக்கப்பட்டு, அதன்மேல் சாயமும் காய்ந்திருந்தது. ஸ்டெல்லா பிடிவாதக்காரி. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் தாள், தலையணை. அதற்கடுத்த முறை எங்கள் எல்லோர் முன்னாலும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆன்ட்டி கேட்டார்.

"ஏம்மா, உங்க சாமி செவுத்துலதான் தங்குவாரா? உன் மனசுல இடம் இல்லையா அவருக்கு?"

எங்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஸ்டெல்லா தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அந்த வார இறுதியில் அவள் அப்பா வேன் கொண்டுவந்தார். பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி கைலியைக் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா கடைசிப் பெட்டியை வேனில் வைத்துவிட்டு, மறந்துபோன போன் கம்பியை எடுக்க மேலே ஓடி வந்தாள். அதற்குள் அவள் அறையில் பாதிச் சுவர் ஈரமாக இருந்தது. வாசலிலேயே நின்றாள். ஆன்ட்டி கம்பியைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள வராதம்மா. தரையில சாயம் சொட்டியிருக்கு. மிதிச்சுடுவ."

வேன் கிளம்பும்போது வாசலுக்கு வந்து கையசைத்தார். அதில் பொய் இல்லை. போகிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆன்ட்டியின் அக்காவை நாங்கள் பெரிய ஆன்ட்டி என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. காலையில் பாசாருக்கு நடந்துபோய்க் கீரையும் பூவும் வாங்கி வருவார். பிறகு பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வார். அந்த வீடே அவர் சம்பளத்தில் வாங்கியது என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. அவரே கீரை ஆய்ந்துகொண்டு, வேறு எதையோ சொல்லும்போது சொன்னார்.

"எனக்கு யாரு பிள்ள இருக்கா? அவ பேருக்கே எழுதிக் குடுத்துட்டேன். அவ புருசன் விட்டுட்டுப் போன சமயம். கை உடைஞ்சமாரி இருந்தா. வீடாவது தன்னுதுன்னு இருக்கட்டுமேன்னு."

"அவர் எதுக்குப் போனாரு?"

பெரிய ஆன்ட்டி கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டார். "தெரியல. போன மறுநாளு அவ முதல்முதலா இந்தச் சாயத்த வாங்கிட்டு வந்தா. அவரு சாஞ்சு உக்காருற இடத்துல ஆரம்பிச்சா. முழு வீட்டையும் அடிச்சு முடிக்கிற வரைக்கும் சாப்பிடல."

மறதி அவருக்கு மெதுவாகத்தான் வந்தது. கண்ணாடியைத் தேடுவார், அது மூக்கிலேயே இருக்கும். அதற்கு நாங்களெல்லாம் சிரித்திருக்கிறோம், அவரும்தான். பிறகு ஒருநாள் காலை சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றார். ஸ்கூல் பஸ் வரவில்லையே என்றார்.

அதற்கப்புறம்தான் சுவரில் எழுத ஆரம்பித்தார். முதலில் கதவுக்குப் பின்னால், பென்சிலில், ஆள் கண்ணில் படாதபடி சின்னதாக. 'காலை மருந்து'. பிறகு, 'அடுப்பை அணைக்கவும்'. பிறகு கட்டிலுக்கு எதிரே, படுத்தபடியே படிக்கும் உயரத்தில், 'ஆபீசுக்குப் போக வேண்டாம். ரிட்டயர் ஆகிவிட்டது.' 'தங்கச்சி கீழே இருக்கிறாள்.' கிராணி கையெழுத்து. முத்து முத்தாக, கோடு போட்டதுபோல் நேராக இருக்கும்.

நான் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் காணாமல் போனது. குளிர்ப்பெட்டியில் கீரைக்கு அடியில் கிடந்தது. புத்தகம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"செவுரு எங்கயும் போகாது பிள்ள" என்றார். "காலையில கண்ண முழிச்சா எதுத்தாப்புல நிக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி வாளியோடு அந்த அறைக்குப் போனார். நான் துணி காயப்போடப் போகும் வழியில் பார்த்தேன். பெரிய ஆன்ட்டி கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தரை துடைக்கும்போது ஒதுங்கி உட்காரும் சின்னப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இது வீடு. பள்ளிக்கூடத்து போர்டு இல்ல."

"மறந்துடுதும்மா."

"மறந்தா மறக்கட்டும். இந்த வயசுல ஞாபகம் வச்சு என்ன செய்யப் போற?"

தூரிகை 'தங்கச்சி கீழே இருக்கிறாள்' மேல் ஏறியது. ஒரே இழுப்பில் போய்விடவில்லை. பென்சில் எழுத்து சாயத்துக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்தது. ஆன்ட்டி பொறுமையாகக் காயவிட்டு இன்னொரு பூச்சு அடித்தார். பெரிய ஆன்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, தங்கையை விட்டுக்கொடுக்காத ஒரு சிரிப்போடு, "நல்லா அடிக்கிறா இல்ல?" என்றார்.

அடுத்த வாரம் அவர் மறுபடியும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அது போனது. இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் குறைந்தது. சிலது அழிந்த பிறகு திரும்பி வரவில்லை. 'அடுப்பை அணைக்கவும்' திரும்பி வராமல்போன வாரத்தில் பால் சட்டி கருகியது. ஆன்ட்டி அடுப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். 'தங்கச்சி கீழே இருக்கிறாள்' மட்டும் விடாமல் வந்தது. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்தது: வீட்டு எண், ஜாலானின் பெயர். பாசாரிலிருந்து திரும்பும்போது ஒருநாள் வழி குழம்பிவிட்டதாம். பயந்துபோய் எழுதிவைத்திருக்கிறார். காலையில் வெளியே கிளம்பும் முன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, பேனாவால் அதை உள்ளங்கையில் பார்த்து எழுதிக்கொள்வார். வேர்வையில் அழிந்துவிடுமோ என்று கையை மூடாமல் விரித்தபடியே நடப்பார்.

நான் ஆன்ட்டியிடம் நேராகவே கேட்டேன். அவர் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த அட்ரஸ மட்டும் விட்டுடுங்க ஆன்ட்டி. அதப் பாத்துத்தான் அவங்க கையில எழுதிக்கிறாங்க."

"அவளுக்கு வீடு தெரியாதா? இவ்வளவு காலமா இருக்கா."

"நெசமாவே தெரியல ஆன்ட்டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வேணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆன்ட்டி மீனைத் திருப்பிப்போட்டுச் செதிலைச் சுரண்டினார். "உனக்கு அவளப் பத்தித் தெரியாதும்மா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எல்லாரும் அவளப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லணும். தம்பி தங்கச்சிக்காகக் கல்யாணம் கட்டலன்னு ஊரே பாராட்டணும். இப்ப இது ஒண்ணு." குரல் உயரவே இல்லை. "ஈப்போலேர்ந்து ஒரு பிள்ளை வருது. டாக்டருக்குப் படிக்குது. அப்பா அம்மா நாளைக்கு வீடு பாக்க வராங்க. கிறுக்கல் இருந்தா என்ன நெனப்பாங்க? பைத்தியம் இருக்கிற வீடுன்னுல்ல நெனப்பாங்க."

அன்று மத்தியானமே அடித்துவிட்டார். இந்த முறை அந்த ஒரு சுவரை மட்டுமல்ல, அறை முழுக்க. பென்சிலை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

நான் பெரிய ஆன்ட்டியின் உள்ளங்கையில் முகவரியை எழுதிவிட்டேன். சாப்பாட்டுக்குக் கை கழுவினார், போய்விட்டது. மறுநாள் எனக்குக் காலை முறை. பல் மருத்துவர் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். நான் கிளம்பும்போது பெரிய ஆன்ட்டி தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆன்ட்டி போன் செய்தார். முதல்முறையாக அவர் குரலில் அவசரம் கேட்டது.

"அக்கா பாசார்லேர்ந்து வரலம்மா. அந்த ஈப்போக்காரங்க வேற வந்து உக்காந்திருக்காங்க."

போலீஸ் ஸ்டேஷனுக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி நிதானமாகக் கேட்டார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எப்படி இருந்தார்? ஆன்ட்டி மலாயில் பதில் சொன்னார். கூடவே தமிழில் என்னிடமும் சொன்னார், நான் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுபோல்.

"நல்லாத்தான் இருந்தா. காலையில நான் மேல போனப்ப பேனாவக் கையில வச்சுகிட்டு செவுத்தப் பாத்து நின்னுகிட்டிருந்தா. என்னக்கா பாக்குறன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் பைய எடுத்துகிட்டு அவபாட்டுக்குப் போனா. ஒரு வித்தியாசமும் இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சொல்வது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்தது. அன்றும் சரி, இன்றும் சரி, எனக்குத் தெளிவாகவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிடைத்தார். பெர்ரியில் ஏறித் தண்ணீரைத் தாண்டி, அங்கிருந்து எப்படியோ புக்கிட் மெர்தாஜாம் போயிருக்கிறார். ரயில் நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். செருப்பு இல்லை. உதடு வெடித்திருந்தது. பெயரைக் கேட்டால் சிரித்தாராம். கேட்கிறவர்களிடமெல்லாம் உள்ளங்கையை நீட்டியிருக்கிறார். ரயில்வே ஊழியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் படித்துவிட்டு, மலாயில் "ருமா" என்றாராம்.

முத்து முத்தான எழுத்தில், கோடு போட்டதுபோல் நேராக, 'வீடு' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

தேநீர்க்கடைக்காரர் எடுத்துப் போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்றி ஸ்டெல்லாவுக்கு வந்து, ஸ்டெல்லாதான் எனக்கு அனுப்பினாள்.

மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நேராக செபராங் ஜெயாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஆன்ட்டி ஏற்பாடு செய்துவிட்டார். அன்றைக்கு நான் கத்திவிட்டேன். அந்த வீட்டில் யாரும் அப்படிக் குரல் எழுப்பிக் கேட்டதில்லை. மற்ற பெண்கள் படியில் வந்து நின்றார்கள்.

"நீங்கதான் ஆன்ட்டி செஞ்சீங்க. ஒரு வரி. அந்த ஒரு வரிய விட்டிருந்தா அவங்க திரும்பி வந்திருப்பாங்க. உங்க கூடப் பொறந்தவங்க! இந்த வீடே அவங்க குடுத்தது!"

ஆன்ட்டி மேசைத் துணியின் ஓரத்தை நேராக்கினார்.

"நான் என்னம்மா செஞ்சேன்? செவுத்துக்குச் சாயம் அடிச்சேன்."

பிறகு மற்றவர்களைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது, வாங்க" என்றார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் தட்டு வைத்திருந்தார். அந்த மாதக் கடைசியில் நான் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டேன். நான் படியிறங்கும்போது வாளியின் கைப்பிடிச் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய ஆன்ட்டியின் அறையில் ஏற்கெனவே ஈப்போப் பெண் குடிவந்திருந்தாள். இவ்வளவு அமைதியான அறையைத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

இல்லம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பெரிய ஆன்ட்டியோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூட ஆசிரியை என்று நினைப்பார். இன்னொரு நாள் தபால்காரர் மகள் என்பார். பேனாவைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். ஆனால் ஒன்றை மட்டும் போகும்போதெல்லாம் கேட்பார்.

"என் தங்கச்சி வரலையா?"

கேட்டுக் கேட்டு என்னால் தாங்க முடியவில்லை. ஆன்ட்டியோடு பேசுவதில்லை என்று வைத்திருந்ததை விட்டுவிட்டுப் போன் செய்தேன். ஒரே ஒரு முறை வந்து பாருங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. "காடி இல்லையே எனக்கு" என்றார். நானே காரில் பாலத்தைத் தாண்டிப் போய் அழைத்துவந்தேன். நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தார். அக்காவுக்குப் பிடிக்கும் என்று ஆப்பம் சுட்டுப் பாத்திரத்தில் எடுத்துவந்தார். வழியெல்லாம் என் கல்யாணப் பேச்சை விசாரித்தார்.

பெரிய ஆன்ட்டி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்று மரியாதையாகக் கைகூப்பினார்.

"வாங்க, உக்காருங்க. யாரப் பாக்கணும்?"

ஆன்ட்டி உட்கார்ந்தார். ஆப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். பெரிய ஆன்ட்டி ஒரு வாய் சாப்பிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, வீட்டில் செய்ததா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் சொல்லாததைச் சொல்வதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வரீங்களா? எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ரொம்ப நல்லவ. தனியா இருக்கா, பாவம். பாத்தீங்கன்னா நான் இங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தேடிகிட்டு இருப்பா."

நான் ஆன்ட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதாவது ஒன்று அசையும், உடையும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சொல்றேன்" என்றார்.

திரும்பும்போது பாலத்தில் வாகனங்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஆன்ட்டி வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். என்ன இருந்தாலும் அக்கா. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பினார். கண் காய்ந்திருந்தது.

"அவளுக்கு என்னைத் தெரியலதானேம்மா?"

"தெரியல ஆன்ட்டி."

"நல்லாப் பாத்தியா? கொஞ்சங்கூட?"

"இல்ல ஆன்ட்டி."

அவர் பெரிதாக மூச்சு விட்டு, மடியில் இருந்த காலிப் பாத்திரத்தை மூடினார்.

"அப்ப நான் வரலன்னாலும் தெரியாது" என்றார்.